ஒட்டுக்கேட்டுக் கற்ற நெறிமுறை

மனிதர் செய்த ஒரு பொருள் எப்படி இயங்குகிறது என்று தெரிய வேண்டுமானால் செய்தவரைக் கேட்டால் போதும். வரைபடம் இருக்கும், கையேடு இருக்கும். நிலவையும் நெல்லையும் பற்றித்தான் ஊகம் வைத்து, சோதனை செய்து, ஊகத்தைத் திருத்தி, மெல்ல மெல்ல அறிய வேண்டியிருக்கிறது. இந்த அத்தியாயம் அந்த வழக்கத்துக்கு ஒரு விலக்கைப் பற்றியது. கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்காகப் பெரிய கணினி நிறுவனங்கள் எழுதிய ஒரு நெறிமுறை, உலகத்து அலுவலகங்கள் பலவற்றில் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அது உண்மையில் எப்படி நடந்துகொள்கிறது என்பதை வெளியே இருந்த சிலர் இயற்கையை ஆராய்வதைப் போல் உட்கார்ந்து ஆராய்ந்துதான் கண்டுபிடித்தார்கள்.

முதலில் சிக்கல் என்ன என்று பார்த்துவிடுவோம். ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கோப்பை அனுப்புவது பழைய கலை. எஃப்டிபி நெறிமுறையின் முதல் வரைவு 1971லேயே வந்துவிட்டது. அது நகல் எடுத்து அனுப்பும் வேலை, பகிர்வு வேறு. பக்கத்து அறைக் கணினியின் ஃபோல்டர் என் கணினியில் இன்னொரு டிரைவாகத் தெரிய வேண்டும். வேர்டு அதிலுள்ள கோப்பைத் திறந்து, நடுவில் நாலு வரி திருத்தி, மூட வேண்டும். கோப்பு தொலைவில் இருக்கிறது என்பதே வேர்டுக்குத் தெரியக் கூடாது. ஒரு நிரல் தன் சொந்த டிஸ்க்கிடம் கேட்கும் கேள்விகள் ஏராளம்: இந்தப் பெயரில் கோப்பு உண்டா, யார் வைத்திருக்கிறார்கள், எப்போது திருத்தினார்கள், நான் எழுதும்போது மற்றவரைத் தடுக்க முடியுமா? இத்தனைக்கும் தொலைவிலுள்ள கணினி பதில் சொல்ல வேண்டும். பதில் சரியாக இருந்தால் போதாது; கேட்பவரின் இயங்குதளம் என்ன பதில் சொல்லியிருக்குமோ அதே பதிலாக இருக்க வேண்டும். விண்டோஸ் கணினிக்குச் சேவை செய்யும் லினக்ஸ் சர்வர், விண்டோஸாக நடிக்க வேண்டும்.

ஏன் நடிப்பு? ஏனென்றால் 'கோப்பு' என்றால் என்ன என்பதில் இயங்குதளங்களுக்குள் ஒற்றுமை கிடையாது.

1980களின் தொடக்கத்தில் ஐபிஎம்மில் பேரி ஃபைகன்பாம் என்ற பொறியாளர் ஒரு எளிய யோசனையைச் செயல்படுத்தினார். டாஸ் இயங்குதளத்தில் ஓடும் நிரல்கள் கோப்பைத் திறக்கவும் படிக்கவும் ஒரே வாசல் வழியாகத்தான் இயங்குதளத்தைக் கேட்கும். அந்த வாசலிலேயே கேள்வியைப் பிடித்து, கம்பி வழியே இன்னொரு கணினிக்கு அனுப்பி, பதிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் நிரலுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. தன் பெயரின் முதலெழுத்துகளையே அதற்கு அவர் முதலில் வைத்திருந்தாராம். வெளியே வந்தபோது அது எஸ்எம்பி ஆகிவிட்டது. பிறகு மைக்ரோசாஃப்ட் அதைக் கையில் எடுத்தது. லேன் மேனேஜர், விண்டோஸ் ஃபார் வொர்க்குரூப்ஸ், விண்டோஸ் என்டி என்று ஒவ்வொரு தலைமுறையும் பழையதன்மேல் ஒரு மாடி கட்டியது; எதையும் இடிக்கவில்லை. அதனால் இரண்டு கணினிகள் எஸ்எம்பியில் பேசத் தொடங்கும்போது, அழைப்பவர் தனக்குத் தெரிந்த வட்டார வழக்குகள் எல்லாவற்றையும் பட்டியலிடுவார், கேட்பவர் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். முதல் பேச்சே அதுதான்.

யூனிக்ஸ் உலகம் தன் வழியில் போயிற்று. 1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்எஃப்எஸ் என்ற நெறிமுறையை உருவாக்கி, அதன் விவரங்களை எல்லோருக்கும் வெளியிட்டது. அதற்கு யூனிக்ஸின் குணம் அப்படியே உண்டு. யார் எந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்பதை அதன் தொடக்கப் பதிப்புகளில் சர்வர் நினைவில் வைத்துக்கொள்ளவே இல்லை. சர்வர் நடுவில் விழுந்து எழுந்தாலும், கேட்பவர் பொறுமையாக மறுபடி கேட்டுத் தொடர்ந்துவிடலாம். ஆளை அடையாளம் காண்பதோ பெயரால் அல்ல, எண்ணால். உபுண்டுவில் முதல் பயனர் 1000. மேக்கில் முதல் பயனர் 501. வீட்டில் இரண்டையும் என்எஃப்எஸ்ஸால் இணைத்தவருக்குத் தன் கோப்பே தன்னை எழுத விடாமல் அடம்பிடித்த அனுபவம் இருக்கும். ஆள் ஒருவர்தான், கணக்கில் இரண்டு பேர். ஆப்பிளுக்கு ஆப்பிள்ஷேர், நாவெலுக்கு நெட்வேர் என்று இன்னும் சில தீவுகள் தனியாக இருந்தன. அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். கடைசியில் ஆப்பிள்கூட 2013இல் மேவரிக்ஸ் பதிப்பில் எஸ்எம்பிக்கே வந்து சேர்ந்தது.

1991 டிசம்பர். கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் முனைவர் பட்ட மாணவர். அவர் மேசையில் டாஸ் ஓடும் பிசி. துறையில் சன் கணினிகள். பிசியையும் சன்னையும் என்எஃப்எஸ் வழியாக இணைத்து நிம்மதியாக இருந்தார். அப்போது டிஜிட்டல் என்ற கணினி நிறுவனத்தின் ஒரு புதிய மென்பொருளைச் சோதிக்க வேண்டி வந்தது. அது டிஜிட்டலின் பாத்வொர்க்ஸ் நெட்வொர்க்கில் மட்டுமே ஓடும். பாத்வொர்க்ஸின் சர்வரோ டிஜிட்டலின் சொந்தக் கணினிகளுக்கு மட்டுமே உண்டு. மென்பொருளைச் சோதித்தால் சன் டிஸ்க் கிடைக்காது. சன் டிஸ்க் வேண்டுமென்றால் மென்பொருள் கிடையாது.

அவர் அதுவரை நெட்வொர்க் நிரல் ஒன்றுகூட எழுதியதில்லை. ஆனாலும் ஒரு சிறு உளவு நிரலை எழுதி, பிசிக்கும் டிஜிட்டல் சர்வருக்கும் நடுவில் உட்காரவைத்தார். இருபுறமும் போய்வரும் ஒவ்வொரு பைட்டையும் அது பதிவு செய்தது. அடுத்து டாஸில் துக்கடா நிரல்கள்: ஒன்று கோப்பைத் திறக்கும், வேறொன்றும் செய்யாது. இன்னொன்று பத்து பைட் படிக்கும். ஒவ்வொன்றையும் ஓட்டும்போது கம்பியில் எந்த பைட் மாறுகிறது என்று பார்த்தார். ஒரு காரணியை மட்டும் மாற்று, மற்றதை அசையாமல் வை, விளைவைக் கவனி. பள்ளிக்கூட ஆய்வகத்தில் சொல்லித்தரும் அதே முறை. சில நாட்களில் சன் கணினியில் அவர் எழுதிய சர்வர், டிஜிட்டல் சர்வரைப் போலவே பிசிக்குப் பதில் சொல்லத் தொடங்கிவிட்டது. 1992 ஜனவரியில் அதை 0.1 என்ற எண்ணோடு இலவசமாக வெளியிட்டார்.

தான் அவிழ்த்தது டிஜிட்டலின் தனிச்சொத்து அல்ல, மைக்ரோசாஃப்ட் உலகம் முழுவதும் பேசும் எஸ்எம்பி என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. வீட்டில் மனைவியின் விண்டோஸ் கணினியைத் தன் லினக்ஸ் கணினியோடு இணைக்க ஆசைப்பட்டபோது பழைய நிரலைத் தூசிதட்டி எடுத்தார். அதற்கு அவர் வைத்திருந்த பெயர் இன்னொரு நிறுவனத்தின் வணிகப்பெயரோடு மோதியதால் புதுப்பெயர் தேவைப்பட்டது. எஸ், எம், பி மூன்று எழுத்துகளும் அதே வரிசையில் வரும் சொல் எது என்று யூனிக்ஸ் அகராதிக் கோப்பில் ஒரு கட்டளையால் தேடினார். கிடைத்த சொற்களில் ஒன்று சாம்பா. உங்கள் வீட்டில் நெட்வொர்க் ஹார்ட் டிஸ்க் பெட்டி இருந்தால், அதற்குள் அனேகமாக ஓடிக்கொண்டிருப்பது அதன் வாரிசுதான்.

தன் முறைக்கு டிரிட்ஜெலே ஒரு விளக்கம் கொடுத்திருக்கிறார். பிரெஞ்சு காபிக்கடை முறை என்று அதற்குப் பெயர். பிரெஞ்சு தெரியாத ஒருவர், கற்க நூலும் இல்லாமல், பிரான்சில் ஒரு காபிக்கடையில் போய் உட்காருகிறார். வாடிக்கையாளர் என்ன சொல்கிறார், பரிசாரகர் என்ன கொண்டுவருகிறார் என்று குறித்துக்கொண்டே வருகிறார். கொஞ்ச நாளில் ரொட்டிக்கும் காபிக்கும் சொல் தெரிந்துவிடும். இந்த உவமையில் எனக்குப் பிடித்தது அதன் குறைபாடுதான். காபிக்கடையில் யாரும் கேட்காத பண்டத்தின் பெயர் உங்கள் காதில் விழவே விழாது. சமையலறையில் என்னென்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் நீங்களே எழுந்துபோய் வாய்க்கு வந்த சொல்லையெல்லாம் சொல்லிக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

பின்னாளில் டிரிட்ஜெலோடு சேர்ந்துகொண்ட சாம்பா குழுவினர் அதையும் செய்தார்கள். ஒரு நிரல், சாத்தியமான கட்டளை எண்கள் எல்லாவற்றையும் விண்டோஸ் சர்வருக்கு வரிசையாக அனுப்பும். சர்வர் பெரும்பாலும் பிழை என்றே பதில் சொல்லும். ஆனால் பிழையிலும் வகை உண்டு. 'இப்படியொரு கட்டளை கிடையாது' என்பது ஒரு பிழை. 'நீ அனுப்பிய தரவின் அளவு சரியில்லை' என்பது வேறு பிழை. இரண்டாவது பதில் வந்தால் அங்கே ஒரு கதவு இருக்கிறது என்று அர்த்தம். அளவை மாற்றி மாற்றித் தட்டினால் ஒரு கட்டத்தில் திறக்கும். இதே குணத்தோடு 2005இல் டிரிட்ஜெல் லினக்ஸ் உருவாக்குநர்கள் பயன்படுத்திவந்த, வேறொரு நிறுவனத்தின் நிரல் மேலாண்மை சர்வருடன் இணைந்து, 'உதவி' என்ற பொருளில் ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லைத் தட்டினார். சர்வர் தன் கட்டளைகளின் பட்டியலையே நீட்டிவிட்டது! அதனால் எழுந்த சண்டையின் முடிவில் லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தனக்கென்று ஒன்றை எழுதிக்கொள்ள வேண்டி வந்தது. இன்று மென்பொருள் உலகமே பயன்படுத்தும் கிட் அப்படிப் பிறந்ததுதான்.

கட்டளைகளின் பட்டியல் கிடைத்த பிறகுதான் உண்மையான தலைவலி. நட்சத்திரக் குறியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு புள்ளி வைத்தால், யூனிக்ஸில் 'பெயருக்குள் புள்ளி உள்ள கோப்புகள்' என்று பொருள். டாஸிலோ 'எல்லாக் கோப்புகளும்' என்று பொருள், புள்ளி இல்லாதவையும் சேர்த்து. சிறிய விஷயம்தான். ஆனால் விண்டோஸ் என்டி, பழைய டாஸ் நிரல்களின் இந்தப் பழக்கத்தைக் காப்பாற்றுவதற்காகக் கம்பியில் போகும்போது <, >, " ஆகிய மூன்று குறிகளுக்கும் ரகசியமாகப் புதிய பொருள் கொடுத்திருந்தது. பெயர் எங்கே முடிகிறது, புள்ளி எங்கே வருகிறது என்பதைப் பொறுத்து அவற்றின் விதி மாறும். இதை எந்த மனிதரும் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. எனவே யோசிப்பதை விட்டுவிட்டார்கள். ஒரு நிரல், சில எழுத்துகளையும் இந்தக் குறிகளையும் கலந்து கன்னாபின்னாவென்று பெயர்களையும் தேடல் வடிவங்களையும் உற்பத்தி செய்யும். ஒரு பெயர் ஒரு வடிவத்துக்குப் பொருந்துமா என்று உண்மையான விண்டோஸ் சர்வரையும் கேட்கும், தங்கள் சொந்த நிரலையும் கேட்கும். பதில்கள் வேறுபட்டால் கூச்சலிடும். வேறுபாட்டைப் பார்த்து விதியைத் திருத்துவார்கள். நிரலை மறுபடி ஓடவிடுவார்கள்.

பூட்டுகளுக்கும் இதே வழி. இரண்டு சர்வர்களுக்கு ஒரே மாதிரியான திற, மூடு, பூட்டு, விடு என்ற செயல்களைத் தாறுமாறான வரிசையில் அனுப்பி, எங்கே நடத்தை பிரிகிறது என்று பார்ப்பது. பிரிந்ததும், அதுவரை அனுப்பிய செயல்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நீக்கிப் பார்த்து, வேறுபாட்டைக் காட்டும் மிகக்குறுகிய வரிசையை நிரலே கண்டுபிடித்துத் தரும். ஆயிரம் செயல்களில் தொடங்கி நாலைந்தில் முடியும். விண்டோஸில் பிழை இருந்தால்? அந்தப் பிழையையும் அப்படியே நகலெடுக்க வேண்டியதுதான். ஏதோ ஒரு கணக்கு மென்பொருள் அந்தப் பிழையை நம்பி எங்கோ ஓர் அலுவலகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஆவணத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதல்ல, அடுத்த கணினி என்ன செய்கிறது என்பதே நெறிமுறை. இந்த எண்ணம் பிடிபட்டால் இந்தத் துறையின் பாதி விசித்திரங்கள் புரிந்துவிடும்.

மீதிப் பாதி, மொழிபெயர்க்கவே முடியாத இடங்களில் நடக்கும் சமரசங்கள். பெயரிலிருந்தே தொடங்கலாம். ஆங்கிலப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை விண்டோஸ் நினைவில் வைத்துக்கொள்ளும், ஆனால் தேடும்போது பொருட்படுத்தாது. லினக்ஸுக்கோ ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு கோப்பு. விண்டோஸ் கணினி ஒரு பெயரைக் கேட்டு, அந்தப் பெயர் லினக்ஸ் டிஸ்க்கில் இல்லையென்றால், 'இல்லை' என்று சாம்பா உடனே சொல்லிவிட முடியாது. அதே பெயர் வேறு எழுத்து வடிவத்தில் இருக்கலாமே! ஃபோல்டர் முழுவதையும் ஒருமுறை படித்துப் பார்த்த பிறகுதான் இல்லை என்று உறுதி சொல்லலாம். ஒரு லட்சம் புகைப்படங்கள் உள்ள ஃபோல்டரில் புதிதாக ஒரு படத்தைச் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் இந்த வேலை. நெட்வொர்க் வேகமாக இருந்தும் நகல் எடுப்பது நத்தையாக நகர்கிறதென்றால் காரணம் பல நேரம் இதுதான். சாம்பாவில் அந்த ஃபோல்டருக்கு மட்டும் எழுத்து வேறுபாட்டைப் பார்க்கும்படி அமைத்து, பெயர்களையெல்லாம் சிறிய எழுத்துக்கு மாற்றிவிட்டால் வேகம் திரும்பிவிடும்.

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து இல்லை. தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். நமக்கென்று இரண்டு கண்ணிகள் உண்டு. யூனிகோடில் 'கோ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். க என்ற எழுத்தும் அதையடுத்து ஓகாரக் குறி ஒன்றும். அல்லது க, ஏகாரத்தின் இரட்டைக் கொம்பு, கால் என்று மூன்று துண்டுகள். கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. இரண்டும் சமம் என்று யூனிகோடு விதியே சொல்கிறது. ஒகரம், ஔகாரக் குறிகளுக்கும் இப்படியே. நாம் தட்டச்சு செய்யும்போது பெரும்பாலும் முதல் வகைதான் உருவாகும். ஆனால் ஆப்பிளின் பழைய டிஸ்க் அமைப்பான எச்எஃப்எஸ் பிளஸ், எந்தப் பெயரையும் பிரித்துத் துண்டுகளாகவே சேமிக்கும். லினக்ஸ் எதையும் பிரிக்காது, சேர்க்காது. பைட்களை வந்தபடியே வைத்துக்கொள்ளும். பழைய மேக்கிலிருந்து 'கோவில்' என்ற கோப்பை ஆர்சிங்க் கட்டளையால் லினக்ஸுக்கு அனுப்புங்கள். விண்டோஸிலிருந்து அதே 'கோவில்' கோப்பைச் சாம்பா வழியாக அதே ஃபோல்டரில் போடுங்கள். இப்போது அங்கே இரண்டு 'கோவில்' இருக்கும். ஒன்று 18 பைட், மற்றது 21 பைட். ஒன்றைத் திருத்துவீர்கள், இன்னொன்றைத் திறந்து பார்த்து, திருத்தம் எங்கே போயிற்று என்று தேடுவீர்கள். ஆர்சிங்க்கில் இதற்கென்றே எழுத்துக்குறியாக்க மாற்று வசதி இருக்கிறது. அந்த ஆர்சிங்க்கையும் பால் மெக்கராஸுடன் சேர்ந்து எழுதியவர் இதே டிரிட்ஜெல்தான்.

இரண்டாவது கண்ணி நீளம். ஒரு கோப்புப் பெயருக்கு விண்டோஸ் 255 குறியீட்டு அலகுகள் வரை இடம் தருகிறது. தமிழின் எந்தக் குறியும் அதில் ஓர் அலகுதான். லினக்ஸும் 255 என்றுதான் சொல்லும், ஆனால் அது பைட் கணக்கு. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். ஆக 85 குறிகள். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகள் என்பதால் கண்ணுக்குத் தெரியும் எழுத்துக் கணக்கில் அது இன்னும் குறையும். விண்டோஸில் அரசாணையின் தலைப்பை அப்படியே கோப்புக்குப் பெயராக வைப்பவர்கள், அதை நெட்வொர்க் டிஸ்க்குக்கு நகலெடுக்கும்போது புரியாத பிழைச்செய்தியைப் பார்ப்பது இதனால்தான். ஆங்கிலத்தில் பெயர் வைப்பவர்களுக்கு இந்த எல்லை கண்ணிலேயே படாது.

காலத்தைப் பற்றிக்கூட ஒத்த கருத்து இல்லை. யூனிக்ஸ் 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணுகிறது. விண்டோஸ் 1601 ஜனவரி 1 முதல், ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்கை அலகாக வைத்து எண்ணுகிறது. இரண்டுக்கும் இடைவெளி 1,164 கோடியே 44 லட்சத்து 73 ஆயிரத்து 600 நொடிகள். இது வெறும் கூட்டல் கழித்தல்; சிக்கலில்லை. சிக்கல், ஒன்றில் இருப்பது மற்றொன்றில் இல்லாதபோதுதான். டாஸ் கோப்புக்கு 'மறைந்தது', 'சிஸ்டத்துக்கு உரியது', 'காப்பு நகல் எடுக்க வேண்டியது' என்று மூன்று முத்திரைகள் உண்டு. யூனிக்ஸில் அவற்றுக்கு இடமே இல்லை. யூனிக்ஸில் உள்ள 'இயக்கலாம்' என்ற அனுமதிக்கோ டாஸில் பொருளில்லை; அந்த அனுமதி உரிமையாளருக்கு ஒன்று, குழுவுக்கு ஒன்று, மற்றவர்க்கு ஒன்று என மூன்று. மூன்றுக்கு மூன்று! பழைய சாம்பா, முத்திரைகளை அந்தக் காலியிடங்களில் ஒளித்துவைத்தது. அதனால்தான் விண்டோஸிலிருந்து வந்த சாதாரணக் கடிதம் லினக்ஸில் இயக்கத்தக்க நிரலாகப் பச்சை நிறத்தில் தெரிந்தது. கெட்டிக்காரத்தனமான அசிங்கம் இது. பின்னாளில் அவற்றைத் தனிக்குறிப்பாகச் சேமிக்கும் வழி வந்த பிறகு இது தேவைப்படவில்லை.

பூட்டு விஷயத்தில் வேறுபாடு தத்துவத்தில் இருக்கிறது. விண்டோஸில் ஒரு நிரல் கோப்பைத் திறக்கும்போதே நிபந்தனை விதிக்கலாம்: நான் வைத்திருக்கும்வரை மற்றவர் படிக்கலாம், எழுதக் கூடாது, அழிக்கக் கூடாது. இயங்குதளம் அதைக் கட்டாயமாக்கும். யூனிக்ஸில் பூட்டு என்பது ஒரு வேண்டுகோள். மதிப்பவர் மதிக்கலாம், மதிக்காதவர் மேலேயே எழுதலாம், திறந்திருக்கும் கோப்பை அழித்தும் விடலாம். எனவே சாம்பா, விண்டோஸ்காரர்கள் விதித்த நிபந்தனைகளையெல்லாம் தன் சொந்தப் பதிவேட்டில் எழுதிவைத்து, வருபவர் ஒவ்வொருவரையும் அதில் சரிபார்க்கிறது. சாம்பா வழியாக வருபவர்கள் வரை இது பிசகாது. அதே ஃபோல்டரை என்எஃப்எஸ் வழியாகவும் திறந்துவிட்டால், அந்தப் பக்கம் வருபவருக்கு இந்தப் பதிவேடு இருப்பதே தெரியாது. ஒரே ஃபோல்டரை இரண்டு நெறிமுறைகளில் எழுதும் அனுமதியோடு பகிர்வதை, வேறு வழியே இல்லாவிட்டாலொழிய நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இத்தனையையும் ஒட்டுக்கேட்டும் தட்டிப்பார்த்தும் கற்றவர்களுக்கு, விண்டோஸ் 2000இல் வந்த ஆக்டிவ் டைரக்டரி பெரிய சுவராக நின்றது. ஓர் அலுவலகத்தின் பயனர்கள், கணினிகள், பாஸ்வேர்டுகள் அனைத்தையும் மையமாக நிர்வகிக்கும் அமைப்பு அது. உரையாடலின் பெரும்பகுதி மறையாக்கத்துக்குள் போய்விட்டால் ஒட்டுக்கேட்பவர் என்ன செய்வார்? இங்கே கதை ஆய்வகத்திலிருந்து நீதிமன்றத்துக்கு நகர்ந்தது. சன் நிறுவனம் 1998இல் கொடுத்த புகாரை விசாரித்த ஐரோப்பிய ஆணையம், 2004 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட்டுக்கு 49.7 கோடி யூரோ அபராதம் விதித்தது. சர்வர்களோடு பேசுவதற்கான நெறிமுறை விவரங்களைப் போட்டியாளர்களுக்குத் தர வேண்டும் என்றும் உத்தரவிட்டது. மேல்முறையீடு 2007 செப்டம்பர் 17 அன்று தோற்றது. அந்த வழக்கில் சாம்பா குழுவினரும் ஆணையத்தின் பக்கம் நின்றார்கள். அதே ஆண்டு டிசம்பரில், சாம்பாவுக்காக அமைக்கப்பட்ட ஓர் அமைப்பு 10,000 யூரோ ஒரே முறை கட்டணம் செலுத்தி ஆவணங்களைப் பெற்றது.

ஆவணம் கைக்கு வந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. ஆக்டிவ் டைரக்டரியைத் தானே நடத்தக்கூடிய சாம்பா 4.0 வெளிவர 2012 டிசம்பர் ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் ஒரு விநோதம் நடந்தது. சாம்பா குழுவின் சோதனை நிரல்கள் விண்டோஸின் நடத்தையை அதன் சொந்த ஆவணத்தைவிடத் துல்லியமாக அறிந்திருந்தன. ஆவணத்துக்கும் உண்மையான சர்வருக்கும் இடையே வேறுபாடு கண்டால் அவர்கள் மைக்ரோசாஃப்ட்டுக்கு எழுதுவார்கள்; அங்கே பொறியாளர்கள் ஆவணத்தைத் திருத்துவார்கள். 2011இல் மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ஒருவர் சாம்பாவுக்கே நிரல் திருத்தம் எழுதி அனுப்பினார். பத்து ஆண்டு முன்பு இதைச் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

பழைய எஸ்எம்பி அதற்குள் மூப்படைந்துவிட்டது. மாடிமேல் மாடியாகக் கட்டியதில் நூற்றுக்கு மேற்பட்ட கட்டளைகள் குவிந்திருந்தன. விண்டோஸ் விஸ்டாவோடு வந்த எஸ்எம்பி2 அவற்றை 19 ஆகக் குறைத்தது. ஆனால் பழையதை யாரும் அணைக்கவில்லை. பழைய ஸ்கேனருக்கும் பழைய ஹார்ட் டிஸ்க் பெட்டிக்கும் அது தேவைப்பட்டது. 2017 மே 12 அன்று வானாகிரை என்ற தீநிரல், விண்டோஸில் எஸ்எம்பியின் முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகப் புகுந்து, ஏறத்தாழ 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளும் அதில் சிக்கின. ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது, நிறுவாதவர்கள்தான் மாட்டினார்கள். சாம்பா பக்கம் மெத்தனமாக இருக்கவும் முடியவில்லை. அந்த மே மாதம் 24ஆம் தேதியே, அதன் நிரலில் 2010 முதல் இருந்துவந்த வேறொரு ஓட்டை வெளியே வந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து பழைய எஸ்எம்பி தானாக நிறுவப்படுவதில்லை. சாம்பா 2019இல் அதை அணைத்துவைத்தது.

அப்போதிலிருந்துதான் வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் ஒரு புதுப் புகார்: நேற்றுவரை நெட்வொர்க் பட்டியலில் தெரிந்த லினக்ஸ் கணினி இன்று காணவில்லை. அந்தப் பட்டியல் பழைய எஸ்எம்பியோடு ஒட்டிக்கொண்டிருந்த தனி ஏற்பாடு. ஒவ்வொரு கணினியும் 12 நிமிடத்துக்கு ஒருமுறை 'நான் இருக்கிறேன்' என்று அறிவிக்கும். மூன்று முறை தொடர்ந்து அறிவிக்காவிட்டால்தான் பெயர் நீக்கப்படும். அணைத்த கணினியும் அரை மணி நேரம் பட்டியலில் உயிரோடு இருந்தது இதனால்தான். பட்டியலை வைத்திருக்கும் பொறுப்புக்குக் கணினிகளுக்குள் தேர்தலே நடக்கும். விண்டோஸ் 95க்கு வலிமை 1, என்டி மேசைக்கணினிக்கு 16, என்டி சர்வருக்கு 32. சாம்பா அடக்கமாக 20 என்று வைத்துக்கொண்டு, மேசைக்கணினிகளை வென்று சர்வரிடம் தோற்கும். பழைய எஸ்எம்பி போனபோது இந்தத் தேர்தலும் போயிற்று. இப்போது விண்டோஸ் ஒரு முறையிலும், மேக்கும் லினக்ஸும் வேறு முறையிலும் தங்களை அறிவிக்கின்றன. விண்டோஸ் பட்டியலில் லினக்ஸ் தெரிய வேண்டுமானால் அங்கே டபிள்யூஎஸ்டிடி என்ற சிறு நிரலைத் தனியாக ஓடவிட வேண்டும். அதற்கு முன், முகவரிப் பெட்டியில் இரண்டு பின்சாய்வுக் கோடுகளும் அந்தக் கணினியின் ஐபி எண்ணும் தட்டிப் பாருங்கள். திறந்துகொண்டால் பகிர்வில் எந்தக் கோளாறும் இல்லை. அறிவிப்பு மட்டுமே விடுபட்டிருக்கிறது.

முகவரி தட்டியும் திறக்காமல், கணினி புதிய விண்டோஸ் 11 ஆகவும் எதிரே இருப்பது பாஸ்வேர்டு இல்லாத பழைய பெட்டியாகவும் இருந்தால், காரணம் வேறு. 2024இல் வந்த 24எச்2 பதிப்பு முதல், போய்வரும் ஒவ்வொரு செய்தியிலும் கையொப்பம் இருக்க வேண்டும் என்று விண்டோஸ் கேட்கிறது. வழியில் யாரும் மாற்றவில்லை என்பதற்கு அது சான்று. கையொப்பமிடும் சாவி, உள்நுழையும்போது பாஸ்வேர்டிலிருந்து உருவாகிறது. விருந்தினராக, பாஸ்வேர்டு இல்லாமல் நுழைபவருக்குச் சாவியே பிறப்பதில்லை. இணையத்தில் பலர் சொல்வதுபோல் விண்டோஸில் அந்தக் காவலை அணைக்க வேண்டாம். பெட்டியில் ஒரு பயனர் கணக்கும் பாஸ்வேர்டும் உருவாக்கிவிட்டு, அந்தப் பெயரிலேயே உள்ளே போங்கள்.